பில்டிங் அண்ணன் போட்ட மரம்

கள்ளக்குறிச்சியில் இங்கிலீஷை அவர் அளவுக்கு நம்பிய மனிதர் இன்னொருவர் கிடையாது. மேலிடத்திலிருந்து சர்க்குலர் வந்தால் நாங்கள் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கோப்பில் சொருகுவோம். அவர் மட்டும் அதில் சொன்னதைச் செய்யக் கிளம்பிவிடுவார். அவருடைய நிஜப் பெயர் சம்பளப் பட்டியலுக்குத்தான் தெரியும். எங்களுக்கு அவர் 'பில்டிங்' அண்ணன்.

சின்னசேலம் சாலையில் இருந்த வனத்துறை நாற்றங்காலுக்கு அவர் வாட்சர். கல்வராயன் மலையிலும் அடிவாரத்திலும் மரம் வளர்க்க ஒரு வெளிநாடு உதவிக்கொண்டிருந்த காலம். மரம் மட்டும் போதாது, நாளைக்கு உங்கள் ஆட்களே இதையெல்லாம் பார்த்துக்கொள்ளப் பழக வேண்டும் என்று அந்த நாட்டுக்காரர்கள் சொல்லப்போக, 'கெபாசிட்டி பில்டிங் உடனே தொடங்கவும்' என்று சர்க்குலர் வந்தது. டைப்பிஸ்டாக இருந்த நான்தான் அதை அவருக்கு வாசித்துக் காட்டினேன்.

"எத்தினி பேரு கெபாசிட்டி சார்?" என்றார்.

"நாப்பது பேருண்ணே" என்றேன், விளையாட்டாக.

மறுநாளே நாற்றங்கால் ஓரத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டுவிட்டார். வாசல் கிழக்கே, ஜன்னல் மலைப் பக்கம். சாங்ஷன் வரவில்லை, எப்படி வரும்? மனிதர் அசரவில்லை. காற்றில் சாய்ந்தது, பட்டுப்போனது என்று எந்த மரம் கிடந்தாலும் இழுத்து வந்து கோட்டுக்குள் அடுக்கினார். குவியல் ஆள் உயரம் தாண்டியபோது எனக்கே உறுத்தி, உண்மையைச் சொன்னேன்.

"அண்ணே, அது கட்டடம் இல்ல. ஆளுங்களோட திறமைய வளக்கறது."

"வளத்துட்டு எங்க சார் குந்த வெப்பீங்க? மழ வந்தா நனையாதா?"

நான் டைப் அடிக்கப் போய்விட்டேன்.

அப்போதுதான் இட ஒதுக்கீட்டுப் போராட்டம் சூடு பிடித்தது. ஊருக்கு ஊர் மரத்தை வெட்டிச் சாய்த்து சாலை மறியல். அதே வாரம், எங்கள் சாலையோர மரங்களைப் பார்க்க வெளிநாட்டு நிபுணர் வருவதாக இருந்தது. மரம் நின்றால்தான் திட்டத்தின் அடுத்த கட்டம். இல்லையென்றால் நாற்றங்காலை மூட வேண்டியதுதான். அதில் வேலை செய்த முப்பது மலைப் பெண்களின் பிழைப்பும் போய்விடும். எங்கள் ஆபீசர் மறியலால் விழுப்புரத்தில் மாட்டிக்கொண்டார். நான் நாற்றங்காலில் மாட்டிக்கொண்டேன்.

கோடாலியோடு இளைஞர்கள் வந்தார்கள். நான் மரக்குவியலுக்குப் பின்னால் போய் நின்றேன். என் வீரம் அவ்வளவுதான். பில்டிங் அண்ணன் சாலையோரத்து முதல் வேம்பில் முதுகைச் சாய்த்து நின்றார்.

"ஒத்துங்கண்ணே. ரோட்டுல மரம் போடணும்னு சொல்லிக்கிறாங்க."

"எம் புள்ளைக்கும் சேத்துதான கேக்கறீங்க, நான் வாணான்னு சொல்வனா? ஆனா மரத்த போடச் சொன்னாங்களா, வெட்டச் சொன்னாங்களா?"

அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "போடத்தான் சொன்னாங்க..."

"அப்புறம் இன்னா? ஒரு பில்டிங்குக்கு ஆவற மரம் காஞ்சிக்கினு கெடக்குது. வாங்க, ஆளுக்கொரு மொன புடிங்க."

அரை மணி நேரத்தில் சாலை அடைபட்டது. "தோ பாரு, அந்தாண்ட சந்து இருக்குது, சைக்கிள் பூந்துடும்" என்று மேற்பார்வை வேறு. எல்லாரும் போன பிறகு, காலியாகக் கிடந்த சுண்ணாம்புக் கோட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

மறியல் முடிந்த பிறகே நிபுணர் வந்தார். வழி நெடுக வெட்டுப்பட்ட அடிக்கட்டைகளையே பார்த்து வந்தவர், எங்கள் எல்லையில் ஜீப்பை விட்டு இறங்கி நடந்தார். ஒரு மரமும் குறையவில்லை. நடந்ததைக் கேட்டுவிட்டு, "இவருக்கு எங்கே பயிற்சி கொடுத்தீர்கள்?" என்றார். எங்கள் ஆபீசர் கூச்சமே இல்லாமல், எல்லாம் கெபாசிட்டி பில்டிங்கில்தான் என்றார்.

பில்டிங் அண்ணனுக்கு அந்த இரண்டு வார்த்தைதான் காதில் விழுந்தது. பதறிப்போனார். "ஐயோ, அத்த இன்னும் கட்டவே இல்லீங்க சார்!"

அடுத்த கட்டம் வந்தது. பெண்களின் வேலை தப்பியது. கூடவே, அரசாங்க மரத்தை மறியலுக்குக் கொடுத்ததற்காக உங்களை ஏன் வேலையை விட்டு நீக்கக்கூடாது என்று அவருக்கு ஒரு மெமோவும் தயாரானது. டைப் அடித்தது நான். கையெழுத்தாகி, அவரிடம் சேர்க்கச் சொல்லி என் கைக்கே வந்தது. அடுத்த மாதம் ஆபீசர் மாற்றலாகிப் போனார். வந்தவருக்கு விஷயமே தெரியாது.

ஓய்வு பெற்ற அன்று பில்டிங் அண்ணன் மாலையும் கழுத்துமாக என்னிடம் வந்தார். "டிபார்ட்மெண்டுக்கு நல்ல மனசு சார். அத்தினி மரம் குடுத்தேன், ஒரு வார்த்த கேக்கல."

டிபார்ட்மெண்டுக்கு ஏது மனசு? அந்த மெமோவைக் கிழித்துப் போட்டவன் நான். என் சர்வீஸில் தெரிந்தே செய்த தப்பு அது ஒன்றுதான். அவருக்காக இன்னொரு தடவையும் செய்வேன்.