கத்தரி வரும் செவ்வாய்க்கிழமை

இடது முழங்கால் விண்விண்ணென்று தெறித்தது. வெண்டல் பிராக் பனிக்கட்டித் தொட்டிக்குள் இடுப்பளவு உட்கார்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, 'இன்னும் ஒன்றும் தெரியவில்லை' என்று மனைவிக்குச் செல்போனில் தட்டி அனுப்பினான். அனுப்பி முடித்த நேரம், சிகிச்சை அறைக் கதவைத் திறந்துகொண்டு கத்தரி உள்ளே வந்தார்.

கத்தரி என்பது, ஆளைக் கத்தரித்து அனுப்புவதால் ஆர்லோ பிக்கன்ஸுக்கு ஆட்டக்காரர்கள் வைத்த பெயர். அறுபத்திரண்டு வயது. ஒல்லி. எப்போதும் சிரித்த முகம். டொலீடோ நகரத்து அமெரிக்க ஃபுட்பால் அணியில் இருபத்தாறு வருஷமாக இருக்கிறார். பதினோரு மாதம் பஸ், ஓட்டல், சாப்பாடு என்று ஏதேதோ பார்ப்பார். அது யார் நினைவிலும் நிற்காது. ஆகஸ்ட் மாதம்தான் அவருடையது. அணிக்கு வேண்டாம் என்று கோச் கழித்தவனின் பின்னால் போய் நிற்பார். தோளில் கை வைப்பார். "தம்பி, கோச் கூப்பிடுறார். ஆட்டப் புத்தகத்தையும் எடுத்துக்க," என்பார். புத்தகத்தோடு உள்ளே போனவன் வெறுங்கையோடு வெளியே வருவான். அவ்வளவுதான் அவன் ஆட்டம்.

"வெண்டல் இங்க இருக்கானா?" என்றார் கத்தரி.

யாருடைய கணுக்காலுக்கோ கட்டுப் போட்டுக்கொண்டிருந்த வைத்தியர் நிமிராமலே, "தொட்டில பாருங்க," என்றார்.

வெண்டல் மூச்சை இழுத்துக்கொண்டு முழுகிவிட்டான். முந்நூற்றுப் பத்து பவுண்டு உடம்பு உள்ளே இறங்கியதும் அரைத் தொட்டித் தண்ணீர் தரைக்கு வந்தது.

பக்கத்துத் தொட்டியில் இருந்த டவீட்டா ஃபலேயோலோ ஈரத் தரையைப் பார்த்தான், கத்தரியைப் பார்த்தான். "இப்பத்தாண்ணே எந்திரிச்சுப் போனான். தண்ணி கூட இன்னும் காயல பாருங்க."

கத்தரி போய்விட்டார். வெண்டல் எழுந்தபோது உதடு நீலம் பாரித்திருந்தது. கையோடு உள்ளே போன செல்போன் செத்திருந்தது.

"போனு போச்சுடா."

"விடு. உயிரு இருக்குல்ல."

உயிர் என்று டவீட்டா சொன்னது அணியின் இறுதி ஐம்பத்துமூன்று பேர் பட்டியலை. போன வருஷம் வரை மூன்று செவ்வாய்க்கிழமைகளில் கொஞ்சம் கொஞ்சமாக ஆளைக் கழிப்பார்கள். இந்த வருஷம் லீக் விதியை மாற்றிவிட்டது. ஒரே செவ்வாய். தொண்ணூறு பேரில் முப்பத்தேழு பேர் ஒரே நாளில், மாலை நாலு மணிக்குள் வீட்டுக்கு. முந்தின நாள் நிர்வாகி இதைப் படம் போட்டு ஒரு மணி நேரம் விளக்கினார். கடைசி வரிசையில் முழங்காலில் ஐஸ் பையைக் கட்டிக்கொண்டு வெண்டல் தூங்கிவிட்டான். அவன் தோளில் சாய்ந்து டவீட்டா தூங்கினான். முப்பத்தேழு, நாலு மணி என்ற இரண்டு எண்கள் மட்டும் எப்படியோ தூக்கத்தையும் தாண்டி உள்ளே போயிருந்தன.

"ஒரு விஷயம் சொல்றேன் கேளு மச்சான்," என்றான் டவீட்டா. "நாலு மணி வரைக்கும் கத்தரி கை உன் தோள்ல படலைன்னா, உன்னைக் கழிக்க முடியாது. நீ டீம்ல இருந்துதான் ஆகணும். சட்டம்."

"எந்தச் சட்டத்துல இருக்கு?"

"என் பெரியப்பா மகன் சொன்னான்."

"அவன் எந்த டீம்?"

"அவன் மீன் கம்பெனில இருக்கான். ஆனா விவரமானவன்."

வேறு நாளாக இருந்தால் வெண்டல் சிரித்திருப்பான். அவனுக்கு இருபத்தேழு வயது. எதிரிகளை நெஞ்சைக் கொடுத்துத் தடுக்கும் முன்வரிசையில் இடப்பக்கத்து ஆள். பட்டியலில் பெயர் இல்லையென்றால் நாளைக் காலை ஆறு மணிக்கு அப்பாவோடு கூரை மேல் நிற்க வேண்டும். பழைய ஓடு பிடுங்குவது, புது ஓடு அடிப்பது. மார்ச் மாதம் முழுக்க அப்படித்தான் போனது: இரவல் ஏணி, வாடகை வண்டி, சொந்த முதுகு. கூரை வேலை கேவலமில்லை. ஆனால் அந்த முழங்காலோடு ஏணி ஏறினால் குளிர்காலம் வரை தாங்காது. அக்டோபரில் குழந்தை வேறு பிறக்கப் போகிறது.

"நான் சாப்பாட்டு அறைப் பக்கம் ஒளியுறேன்," என்றான் டவீட்டா. "நீ வேற எங்கயாவது போ. சேர்ந்து இருந்தா ரெண்டு பேரும் மாட்டுவோம்."

வெண்டல் ஷூவுக்குள் காலை நுழைத்து, கொக்கியில் தொங்கிய தலைமூடிச் சட்டை ஒன்றை எடுத்து மாட்டினான். முதுகில் பெக்வித் என்று எழுதியிருந்தது. பெக்வித் புதுப் பையன், வெண்டலைவிடக் குண்டு. முகத்தை மூடிக்கொண்டு நடைபாதைக்கு வந்தால் எதிரே கத்தரி.

"பெக்வித், வெண்டலைப் பாத்தியாப்பா?"

வெண்டல் இல்லை என்று தலையாட்டினான். கத்தரி பெருமூச்சு விட்டுக்கொண்டு போனார். இவ்வளவு சுலபமா என்று வெண்டல் நினைத்துத் திரும்பியபோது ஒரு காவலர் அவன் கையில் கறுப்புக் குப்பைப் பை ஒன்றைக் கொடுத்தார்.

"பெக்வித், சாமானை இதுல போட்டுக்க. ஏர்போர்ட் வேன் நிக்குது."

"ஏர்போர்ட்டா? எதுக்கு சார்?"

"மனசு கஷ்டமாத்தான் இருக்கும். ஒம்பதரை விமானம். நடப்பா."

பெக்வித்தைக் கழித்துவிட்டார்கள் என்பது அப்போதுதான் உறைத்தது. நான் பெக்வித் இல்லை என்றால் வெண்டல் என்று ஆகும். வெண்டல் என்று ஆனால் கத்தரி வருவார். வெண்டல் வாயைத் திறக்காமல் நடந்தான். காவலர் அவன் முதுகைத் தட்டி வேனுக்குள் ஏற்றினார்.

வேனுக்குள் பெக்வித் உட்கார்ந்திருந்தான்.

"யாருய்யா நீ?"

"பெக்வித்," என்றான் வெண்டல், பழக்க தோஷத்தில்.

"அப்ப நான் யாரு?"

வெண்டல் தலைமூடியை விலக்கினான். பெக்வித் கையை நீட்டினான். "என் சட்டையைக் குடுண்ணே. அதுவாவது மிஞ்சட்டும்."

வெண்டலுக்கு வெட்கமாகிவிட்டது. கழற்றிக் கொடுத்தான். "உன்னைக் கத்தரி எங்கடா புடிச்சாரு?"

"கத்தரியா? அவரே பாவம்..."

அதற்குள் காவலர் உள்ளே எட்டிப் பார்த்து எண்ணினார். ஒரு பெக்வித் போக வேண்டிய வேனில் இரண்டு பேர்; அதில் ஒருவனுக்குச் சட்டை இல்லை. "டேய், நீ யாரு?" என்று அவர் கேட்பதற்குள் வெண்டல் மறுபக்கக் கதவைத் திறந்து குதித்தான். குதித்தது இடது காலில். உச்சந்தலை வரை நட்சத்திரம் தெரிந்தது.

காவலர் வாக்கி டாக்கியில் பேசுவது பின்னால் கேட்டது. "சட்டை போடாத ஆளு ஒருத்தன் ஓடுறான். பெரிய ஆளு. இல்ல சார், ரொம்பப் பெரிய ஆளு."

இப்போது கத்தரியோடு ஆறு காவலர்களும் தேடினார்கள். வெண்டல் சலவை அறைக்குள் நொண்டிப் புகுந்தான். அங்கே லூபே என்ற அம்மாள் அழுக்குத் துண்டுகளைத் தள்ளுவண்டியில் அமுக்கிக்கொண்டிருந்தாள். அவள் வெண்டலின் நெஞ்சளவுதான் உயரம். அவளைக் கண்டால் கோச்சே ஒதுங்கிப் போவார்.

"அக்கா, என்னை ஒளிச்சு வைங்க."

"யாரைக் கொன்ன?"

"யாரையும் இல்லக்கா. கத்தரி தேடுறாரு. நாலு மணி வரைக்கும்தான்."

லூபே அவனை மேலும் கீழும் பார்த்தாள். "மூணு மணிக்கு வண்டி வந்து இதெல்லாத்தையும் அள்ளிட்டுப் போகும்."

"ரெண்டரைக்கு எந்திரிச்சிடுறேன்."

"ஷூவைக் கழட்டிட்டு ஏறு. அது துண்டு. சேறு துடைக்கிற துணி இல்லை."

ஏறினான். அவள் மேலே துண்டுகளைப் போட்டு மூடினாள். உள்ளே சூடாக இருந்தது. ராத்திரி முழுக்கக் கண் மூடாத உடம்பு. ரெண்டரைக்கு எழுந்திருக்க வேண்டும் என்று நினைத்ததுதான் அவனுக்கு ஞாபகம்.

விழித்தபோது உலகம் ஆடிக்கொண்டிருந்தது. தள்ளுவண்டியோடு அவனும் ஒரு லாரிக்குள் இருந்தான். கதவு இடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்தான். வெயில், ஊர் நடுவே ஓடும் மாமி ஆற்றின் பாலம், பின்னாலேயே ஒரு பழைய பிக்கப் வண்டி. வண்டி மேல் வெறும் இரும்புச் சட்டம். ஓட்டுவது கத்தரி. விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டு வந்தார்.

'என்ன மனுஷன்யா இவர்' என்று நினைத்தான் வெண்டல். ஆளைக் கழிப்பதில் இவ்வளவு ஈடுபாடு இருந்தால் இந்த ஆள் கோச்சாகவே ஆகியிருக்கலாம்.

லாரி ஊருக்கு அந்தப் பக்கம் ஒரு பெரிய சலவைக் கூடத்தில் நின்றது. டிரைவர் கதவைத் திறந்ததும் துண்டுக் குவியலிலிருந்து மலை போல ஒரு மனிதன் எழுந்தான். டிரைவர் இரண்டடி பின்வாங்கி வழிவிட்டார். சுவரில் கடிகாரம் மூன்று ஐம்பத்திரண்டு காட்டியது.

வெண்டல் தொங்கும் மேஜை விரிப்புகளுக்கு நடுவே நொண்டி ஓடினான். பின்னால் கத்தரியின் குரல்.

"வெண்டல், ஓடாதப்பா. எனக்கு மூச்சு வாங்குது."

"வாங்கட்டும்ணே. எட்டு நிமிஷம் வாங்கட்டும்."

துணி மடிக்கும் பெரிய மேஜைக்கு அடியில் நுழைந்தான். முழங்கால் மடங்க மறுத்தது. ஒரு பாதம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கத்தரி வந்து நின்றார்.

"இங்க ஒரு ஆளைப் பாத்தீங்களா? முந்நூத்திப் பத்து பவுண்டு இருப்பான். சட்டை இல்லை."

துணி மடித்த பெண் வேலையை நிறுத்தவில்லை. "அப்படி ஒருத்தன் வந்தா எனக்குத் தெரியாமப் போகுமா?" என்று சொல்லிக்கொண்டே ஒரு படுக்கை விரிப்பை நழுவவிட்டு அந்தப் பாதத்தை மூடினாள்.

மேஜைக்கு அடியில் வெண்டல் எண்ணிக்கொண்டிருந்தான். அப்பாவின் சுத்தியல், மனைவியின் வயிறு, அக்டோபர், எல்லாம் வரிசையாக வந்து போயின. கத்தரியின் தேய்ந்த செருப்பு மேஜையைச் சுற்றி இரண்டு முறை நடந்தது. அவர் செருப்பு போட்டு வேலைக்கு வந்து வெண்டல் பார்த்ததே இல்லை. அதை யோசிக்க நேரமில்லை.

வெளியே பக்கத்துக் கண்ணாடித் தொழிற்சாலைச் சங்கு ஊதியது. நாலு மணி.

வெண்டல் மேஜைக்கு அடியிலிருந்து தவழ்ந்து வெளியே வந்தான். எழுந்து நிமிர்ந்தான்.

"முடிஞ்சுதுண்ணே. இனிமே தோள்ல கை வச்சாலும் செல்லாது. நான் டீம்ல இருக்கேன். சட்டம்."

கத்தரி கவிழ்த்த கூடை ஒன்றின் மேல் உட்கார்ந்து நெஞ்சைத் தேய்த்துக்கொண்டார். முகத்தில் அதே சிரிப்பு.

"நீ காலையிலிருந்தே டீம்லதான்பா இருக்க. பட்டியலை எழுதுறப்ப காபி ஊத்தினது நான்தான். இடப்பக்கம், உன் பேரு, பக்கத்துல அடித்தல் திருத்தல் ஒண்ணும் இல்லை. முழங்காலைப் பாத்துக்கன்னு மட்டும் கோச் எழுதியிருக்கார்."

வெண்டல் இன்னொரு கூடையில் பொத்தென்று உட்கார்ந்தான். துணி மடித்த பெண் ஒரு துண்டை எடுத்து அவன் தோளில் போர்த்தினாள்.

"அப்ப கழிச்சவங்களுக்கு யாரு போய்ச் சொன்னது?" என்றான் வெண்டல்.

"போன்தான். ஒரே நாள்ல முப்பத்தேழு பேரை ஒரு கிழவன் எப்படித் தட்டுவான்? காலையில ஏழு மணிக்கு எல்லாருக்கும் செய்தி போயிருச்சு. நேத்துக் கூட்டத்துல விலாவாரியாச் சொன்னாங்களே. நீயும் டவீட்டாவும் குறட்டை விட்டீங்க." கத்தரி பையிலிருந்து தன் போனை எடுத்துக் காட்டினார். "எனக்கும் அதே ஏழு மணிக்குத்தான் வந்துச்சு. தட்டுறதுக்கு இனி ஆள் வேண்டாமாம்."

"அண்ணே..."

"அட, மூஞ்சியைத் தொங்கப் போடாத. இருபத்தாறு வருஷமா பசங்க என்னைக் கண்டா ஓடுறானுங்க. இன்னிக்குத்தான் கடைசி. நாளைலேருந்து மக வீட்டுக்குக் கூரை போடப் போறேன். பேத்தி இருக்கா, என்னைக் கண்டா ஓடி வர்றவ." அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "வா, கொண்டுபோய் விடுறேன். டவீட்டாவும் டீம்லதான். சாப்பாட்டு அறைக் குளிர்பெட்டியில கோழிகளுக்கு நடுவுல உட்கார்ந்திருக்கானாம், கதவைத் திறக்க மாட்டேங்கிறான்னு லூபே சொன்னா. நீ லாரியில போயிட்டதையும் அவதான் சொன்னா. போய் அவனை முதல்ல வெளிய எடு."

வாசல் வரை வந்த பிறகுதான் வெண்டலுக்குக் கேட்கத் தோன்றியது.

"அப்ப காலையிலேருந்து எதுக்குண்ணே என் பின்னாலயே ஓடி வந்தீங்க?"

கத்தரி பிக்கப் வண்டி மேலிருந்த வெறும் இரும்புச் சட்டத்தைத் தட்டிக் காட்டினார்.

"மார்ச் மாசம் ரெண்டு நாள்ல தர்றேன்னு என்கிட்ட வாங்கிட்டுப் போனியே, இருபத்தெட்டடி ஏணி. இன்னும் நீ தரலையேப்பா."