இந்த விடுமுறைக்கு அப்பாவால் வர இயலாது

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம், வீடு நலம், இடது முழங்கால் மட்டும் அதன் இஷ்டப்படி. அங்கே நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும், என்னை நினைத்துக் கவலைப்படுவது நீங்கலாக, மற்ற எல்லா விதத்திலும் நலமாக இருக்க வாழ்த்துகிறேன்.

"லீவுல தனியா சுவத்தப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்காதீங்கப்பா, கிளம்பி வாங்க" என்று போனில் சொன்னாய். வர இயலாது. சுவரைப் பார்க்க எனக்கு நேரமில்லை. நம் ஊர்ப் பொது நூலகத்தின் விடுமுறைக் கால நிகழ்ச்சிகள் மொத்தமும் இப்போது என் தோளில்தான். யாரும் ஏற்றிவைக்கவில்லை, நானாகக் குனிந்து தூக்கிக்கொண்டேன்.

செய்தித்தாள் படிக்கத்தான் அங்கே போனேன். நூலகர் அம்மா, உன் வயதுதான் இருக்கும், மூக்குக்கண்ணாடியைத் தலையில் வைத்துக்கொண்டே மேசை முழுக்கத் தேடுகிறவர், "ஐயா, பின்கூடத்துல கொஞ்சம் நாற்காலி எடுத்துப் போட முடியுமா?" என்று கேட்டார். எதற்கு என்றேன். அந்தக் கூடம் வருடம் முழுக்கக் காலியாகக் கிடக்கிறதாம், இந்த விடுமுறையிலும் ஆள் வராவிட்டால் நகராட்சி அதைப் பழைய சாமான் போட எடுத்துக்கொள்ளுமாம், வார இறுதியில் அதிகாரி நேரில் வந்து பார்ப்பாராம். எனக்கு மனசு கேட்கவில்லை. வேலைக்காலம் முழுக்க ரயில் நிலையத்தில் மைக் பிடித்தவனுக்குக் கூட்டம் சேர்க்கவா தெரியாது? "கவலைய விடுங்கம்மா, நான் பாத்துக்கிறேன்" என்றேன். "நாற்காலிய மட்டும் பாத்தா போதும்யா" என்றார். அடக்கமான பெண்.

முதல் நிகழ்ச்சி, குழந்தைகளுக்குக் கதை நேரம். கதை சொல்ல வேண்டிய ஓவிய டீச்சருக்கு அன்றைக்கென்று தொண்டை கட்டிக்கொண்டது. பாயில் குழந்தைகள் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருக்கின்றன, விட முடியுமா? நானே ஆரம்பித்தேன். ஒரு ஊரில் ஒரு ரயில் இருந்தது, அது தாமதமாக வந்துகொண்டிருந்தது. "ஏன் தாத்தா லேட்டு?" என்றது ஒரு வாண்டு. "சிக்னல் கிடைக்கல கண்ணு." "ஏன் கிடைக்கல?" "அதெல்லாம் மைக்ல பேசுறவனுக்குச் சொல்ல மாட்டாங்க." உண்மையைத்தானே சொன்னேன்? "அப்ப உள்ள இருக்கிறவங்க வீட்டுக்கே போக முடியாதா?" என்று ஒரு பெண் குழந்தை உதட்டைப் பிதுக்க, அடுத்த நிமிடம் பாய் முழுக்க ஒரே அழுகை. நூலகர் அம்மா ஓடி வந்து, "ஐயா, எப்படியாவது அந்த ரயில வர வச்சிடுங்க!" என்றார். வண்டி வருவதாக அறிவித்தே வரவைத்தேன், அந்தக் காலத்துக் குரலில், அடிவயிற்றிலிருந்து. செய்தித்தாள் பகுதியில் தூங்கிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் திடுக்கிட்டு எழுந்து, பையைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கே ஓடிவிட்டார். குழந்தைகள் விழுந்து விழுந்து சிரித்தன. இதை வெற்றி என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது?

அடுத்து புத்தகப் பரிமாற்றம். வீட்டில் கிடக்கிற பழைய புத்தகத்தைக் கொண்டுவந்து வைத்துவிட்டு வேறொன்றை எடுத்துப்போகலாம். நூலகர் அம்மா ஜன்னலோரம் ஒரு சின்ன மேசையைக் காட்டிவிட்டுச் சாப்பிடப் போனார். ஜன்னலோரம் வைத்தால் யார் கண்ணில் படும்? வாசலருகே இருந்த பெரிய மேசையில் நிறையப் புத்தகங்கள் ஏற்கெனவே அழகாக அடுக்கியிருந்தன. "மேசையில் உள்ள அனைத்தும் புறப்படத் தயாராக உள்ளன" என்று அறிவித்தேன். ஜனங்கள் பாய்ந்தார்கள் பார்! அவர் திரும்பி வந்தபோது மேசையில் பழைய காலண்டர்கள், தையல் மெஷினோடு வந்த கையேடு, அட்டை போன ஒரு வேதியியல் புத்தகம், இவ்வளவுதான் இருந்தன. அது வாசகர்கள் திருப்பிக் கொடுத்த நூலகப் புத்தகங்களை வைக்கும் மேசையாம். யாரும் என்னிடம் சொல்லவில்லை. அந்தப் பெண் என்னைத் திட்டவில்லை. உட்கார்ந்தார், தலையிலிருந்த கண்ணாடியை எடுத்துத் துடைத்தார், மறுபடி தலையிலேயே வைத்துக்கொண்டார். அதைப் பார்த்த பிறகுதான் செய்தது தப்பு என்று எனக்கு உறைத்தது.

ஆனால் உன் அப்பா கலங்கி நிற்கிற ஆளா? யார் எதை எடுத்துப்போனார்கள் என்று எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. காய்கறி வண்டிக்காரரிடம் ஒலிபெருக்கியை இரவல் வாங்கிக்கொண்டு தெருத்தெருவாகக் கிளம்பினேன். "அன்பான கவனத்திற்கு! மனைவியைச் சமாளிப்பது பற்றிய புத்தகத்தை எடுத்துச் சென்ற மருந்துக்கடைக்காரர், உடனடியாக நூலகத்துக்கு வரவும்!" மாடி ஜன்னல் ஒன்று படாரென்று திறந்தது. திறந்தவர் மருந்துக்கடைக்காரரின் மனைவி. "தையல் பழகுவோருக்கான முதல் பாடங்கள் புத்தகத்தை எடுத்துச் சென்ற கடைவீதித் தையல்காரர்..." என்று அடுத்த தெருவில் அறிவித்தபோது, அவர் கடையில் அளவு கொடுத்துக்கொண்டிருந்தவர் துணியைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு இறங்கிவிட்டார்.

பலன் மறுநாள் தெரிந்தது. பின்கூடத்தில் எள் போட்டால் எண்ணெயாகும் கூட்டம். எல்லோரும் கையில் புத்தகத்தோடு என்னைத்தான் தேடினார்கள். "என் பொண்ணு கத்துக்கட்டுமேன்னு எடுத்தேங்க! இப்ப ஊரே குடுத்த துணியத் திருப்பிக் கேக்குது!" என்று தையல்காரர் கத்திக்கொண்டிருக்கும்போது அதிகாரி உள்ளே நுழைந்தார். "என்னம்மா இது, இவ்வளவு கூட்டம்?" நூலகர் அம்மா வாயைத் திறப்பதற்குள், "வாசகர் விவாதம் சார்" என்று நான் முந்திக்கொண்டேன். அதிகாரிக்குச் சந்தேகம். மருந்துக்கடைக்காரரின் மனைவி கையிலிருந்த புத்தகத்தைக் காட்டி, "நீங்க இந்தப் புத்தகத்தப் படிச்சீங்களா?" என்றார். "படிக்காமயா? ராத்திரியே படிச்சு முடிச்சிட்டேன். எழுதுனவருக்குக் கல்யாணமே ஆகியிருக்காது" என்று ஆரம்பித்து, அத்தியாயம் அத்தியாயமாகக் கிழித்துத் தோரணம் கட்டினார். கூடமே சிரித்தது. கடைசியில் அவர் கணவரும் சிரித்துவிட்டார். உடனே வேறொருவர் எழுந்து தான் எடுத்ததைப் பற்றிப் பேசினார், அப்புறம் இன்னொருவர். நாற்காலி போதாமல் ஜன்னல் திண்டிலெல்லாம் உட்கார்ந்து, விளக்கு போடும் நேரம்வரை ஒருவரும் நகரவில்லை. "பழைய சாமானுக்கு வேற எடம் பாத்துக்கலாம்மா" என்று சொல்லிவிட்டு அதிகாரி போனார். நூலகர் அம்மா அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ரொம்ப நன்றிங்கய்யா. அந்த ஒலிபெருக்கிய மட்டும் இன்னைக்கே திருப்பிக் குடுத்திடுங்க" என்றார்.

ஓய்வு பெற்ற பிறகு என் குரலைக் கேட்க பால்காரரை விட்டால் ஆளில்லை என்பது உனக்குத் தெரியும். இப்போது தெருவில் நடந்தால் நாலு பேர் நிறுத்திப் பேசுகிறார்கள். இரண்டு பேர் சண்டைக்குத்தான் நிறுத்துகிறார்கள், இருந்தாலும் பேச்சு பேச்சுதானே. விடுமுறை இன்னும் பாதி மிச்சமிருக்கிறது. நான் இல்லாமல் இவர்கள் திண்டாடிப் போவார்கள். ஆகவே டிக்கெட் எதுவும் எடுக்காதே.

மாப்பிள்ளைக்கு என் அன்பு. பேத்தியின் கன்னத்தில் என் சார்பில் ஒரு கிள்ளு, வலிக்காமல். நீங்கள் மூவரும் நீடூழி, சத்தமாக வாழ ஆசீர்வதிக்கும்,

அப்பா.

பி.கு.: எழுதியதை ஒருமுறை வாசித்துப் பார்த்து உறையை ஒட்டுவது என் வழக்கம். நூலகத்தில் உட்கார்ந்து மனதுக்குள் வாசிப்பதாகத்தான் நினைத்தேன். நூலகம் முழுக்கக் கேட்டிருக்கிறது. நூலகர் அம்மா வந்து, "பொண்ணு ஆசையாக் கூப்பிடுறாங்க, போய்ட்டு வாங்கய்யா, நாங்க எப்படியோ சமாளிச்சுக்கிறோம்" என்றார். தையல்காரர், "நல்லா இருந்துட்டு வாங்க" என்றார். மருந்துக்கடைக்காரர், "அடுத்த லீவு வரைக்கும்கூட இருக்கலாமே" என்றார். இந்த ஊர் ஒரே குரலில் பேசி நான் கேட்டதே இல்லை. சனிக்கிழமை காலை வண்டியில் வருகிறேன். உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் நூலகம் இருக்கிறதா? விசாரித்து வை.