ரப்பருக்குள் தண்ணீர் போகாது

“ரப்பரு தண்ணி குடிக்குமாம்மா? நீயே சொல்லு! மழைக்குக் கால்ல போடுற பூட்ஸு எதுல செஞ்சது?”

“பூட்ஸு ரப்பர் பாலுல செய்யிறதுண்ணே. நான் கேக்குறது ரப்பர் கட்டைய!”

“அந்தக் கட்டைக்குள்ள ஓடுறதே பாலுதானே! அப்புறம் தண்ணிக்கு ஏது இடம்?”

அன்று மாலை, சுங்கை சிப்புட்டில் ஒரு தாமான் குடியிருப்பு மண்டபத்து மின்விசிறிக்குக் கீழே, உலக மர விஞ்ஞானம் ஒரே பாய்ச்சலில் முன்னேறியது. பாய்ச்சியவர் வெள்ள மீட்புக் குழுத் தலைவர் பத்துமலை. குறுக்கே நின்றவர் குமுதா. ஆற்றை ஒட்டிய கடைசி வீடு அவருடையது. மழைக்காலத்தில் ஆறு முதலில் நலம் விசாரிக்கப் போவதும் அங்கேதான். செயலாளர் தர்மா, குமுதாவின் உடன்பிறந்த தம்பி. இருவருக்கும் இடையே அவர் ‘நடுநிலை’ வகித்தார். அதாவது, பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார்.

குழுவிடம் பழைய ஃபைபர் படகு ஒன்று இருந்தது. வெளி ஓடு கெட்டி. தரைக்கு அடியில் தாங்கும் கட்டைகள்தான் உளுத்துப் போயிருந்தன. தண்ணீரில் உளுக்காத செங்கால் மரம் போடலாம் என்றார் குமுதா. ரப்பர் மரம்தான் என்றார் தலைவர்.

“நம்ம பாட்டன் செங்காலுலயா பால் வெட்டுனாரு? எஸ்டேட்டுல நம்மளயே தாங்குன மரம், ஒரு போட்டத் தாங்காதா?”

கைதட்டல் எழுந்தது. கைதட்டிய பிறகு மரத்தைச் சோதித்துப் பார்ப்பது மரபல்ல.

தர்மாவுக்குள் ஒரு சின்ன உறுத்தல். வீட்டுப் பின்னால் கிடந்த ரப்பர் கட்டையில் காளான் பூத்ததை அவர் பார்த்திருக்கிறார். இருந்தாலும் பதவிக்கு ஒரு கண்ணியம் உண்டல்லவா? தலைவர் பக்கம் கையைத் தூக்கினார்.

“ஏன்டா, நீயுமா?”

“கூட்டத்துல நான் செகரட்டரிக்கா. வீட்டுக்கு வந்தாத்தான் தம்பி.”

“சரி, கட்டைக்கு மேல பிசினாச்சும் பூசுங்க லா!”

“ரப்பருக்கே ரெயின்கோட்டா?” என்றார் தலைவர். சபை சிரித்தது. அந்த வேலையும் மிச்சம்.

படகு தயாரானது. திறப்பு விழாவுக்கு ஒரு பிரமுகரின் தேதி கிடைக்கும்வரை, மாதக்கணக்கில் மழையில் ‘ஓய்வெடுத்தது’. கிடைத்த தேதியன்றே ஆறும் ஊருக்குள் வந்துவிட்டது. மாலையும் கழுத்துமாக ஏறிய தலைவர், இரண்டாம் அடியில் முழங்கால்வரை படகுக்குள் இறங்கினார். தரைக்கு அடியில் இருந்தது கட்டையல்ல, தேத்தண்ணியில் ஊறிய ரொட்டி.

அவசரக் கூட்டம் கூடியது. யார் மீதும் தவறில்லை என்று ஏகமனதாகத் தீர்மானித்தது.

“மரத்துக்குத்தான் இன உணர்வு பத்தல லா,” என்றார் தலைவர், காலைத் தடவியபடி. “அடுத்த கட்டைய மக்களே தேர்ந்தெடுக்கட்டும்!”

தர்மா கைப்பேசியை எடுத்தார். தாமான் வாட்சப் குழுவில் மிகுந்த பொறுப்புடன் தட்டினார்:

“அனைவருக்கும் வணக்கம். ஃபைபர் போட்டுக்கு அடியில போட எந்த மரம் நல்லது? செங்காலா, மெராந்தியா? எங்க அக்கா வீட்டுக்குள்ள தண்ணி ஏறிருச்சு. அவங்க சாப்பாட்டு மேசை மேல நிக்கிறாங்க. போன பாஞ்சிர் வெள்ளத்துக்கு நம்ம கமிட்டி கொடுத்த மேசை. அதுவும் ரப்பர் மரம்தான். தெரிஞ்சவங்க தயவுசெஞ்சு சீக்கிரம் பதில் போடுங்க.”