ஒரு வார விடுப்பும் பேசும் கோழிகளும்

"வீரரே, சற்று நில்லுங்கள். என் கிணற்றில் எலி விழுந்துவிட்டது."

கம்ப்யூட்டர் திரைக்குள் நின்ற தாடிக்காரக் கிழவன் இப்படிச் சொல்லிக் கையைப் பிசைந்ததும், திரைக்கு வெளியே உட்கார்ந்திருந்த புகார் சார் மவுஸை விட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தார்.

"இவனுமா?" என்றார் அலுப்போடு.

அதற்கு முன்னால்தான் ஒரு கொல்லன் தன் சுத்தியலைக் காணவில்லை என்றிருந்தான். ஒரு சூனியக்காரி, பக்கத்து வீட்டுச் சூனியக்காரி தன் இடத்தில் வேலி போட்டுவிட்டதாக அழுதாள். பாலத்தடியில் வசிக்கும் பூதம்கூட, மேலே பாலம் ஒழுகுகிறது, எத்தனை தடவை சொன்னாலும் யாரும் வந்து பார்ப்பதில்லை என்று மூக்கைச் சிந்தியது.

புகார் சார் மின்சார அலுவலகத்தில் புகார்ப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறவர். பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் அது புழங்கவில்லை. வாசல் காவலாளி முதல் மேலதிகாரி வரை எல்லோருக்கும் அவர் புகார் சார். பில் எகிறிவிட்டது, கம்பம் சாய்ந்துவிட்டது, தெருவிளக்கு பகலெல்லாம் எரிந்துவிட்டு ராத்திரியில் தூங்குகிறது என்று கிளம்பி வருகிறவர்கள் எல்லோரும் அவருடைய ஜன்னலில்தான் வந்து முட்டிக்கொள்வார்கள். அவர் கையெழுத்து விழாமல் எந்த லைன்மேனும் ஏணியைத் தொட மாட்டான். இப்படியே வருஷக்கணக்காக ஊரார் குறையைக் காதில் வாங்கி மனுஷர் ஓய்ந்துபோயிருந்தார். அடுக்களையில் குக்கர் விசிலடித்தால்கூடத் தன்னிடம்தான் ஏதோ முறையிடுகிறது என்று தோன்ற ஆரம்பித்திருந்தது.

டாக்டர் ரத்த அழுத்தத்தைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"ஒரு வாரம் லீவு போடுங்க. யாரும் உங்ககிட்ட ஒண்ணும் கேக்காத இடமாப் பாத்துப் போய் உக்காருங்க. இல்லேன்னா நான் மாத்திரையக் கூட்ட வேண்டியிருக்கும்."

அப்படி ஒரு இடத்தைக் காட்டிக்கொடுத்தவன் அவருடைய மச்சினன். செல்போன் ரிப்பேர் கடை வைத்திருப்பவன். விடுதிக்குப் படிக்கப் போய்விட்ட மகளுடைய கம்ப்யூட்டரில் அவன்தான் இந்த விளையாட்டை ஏற்றிக் கொடுத்தான். வாள், மந்திரம், டிராகன் எல்லாம் உண்டு. புகார் சாருக்கு அதெல்லாம் தேவைப்படவில்லை. விளையாட்டின் முகப்புப் படத்தில் ஒரு பனிமலை இருந்தது. மலை உச்சியில் நீலமாக ஓர் ஏரி. ஏரிக்கரையில் ஈ காக்கை இல்லை. அந்தக் கரையில் போய்ச் சும்மா உட்கார வேண்டும், அவ்வளவுதான். லீவு முடிவதற்குள் அது மட்டும் நடந்துவிட்டால் போதும் என்று நினைத்தார்.

முதல் நாள் நன்றாகவே போயிற்று. விளையாட்டில் எல்லோரும் அந்நிய பாஷையில் பேசினார்கள். ஒன்றும் புரியவில்லை. புகார் சார் தலையை ஆட்டிவிட்டு நடந்துகொண்டே இருந்தார். ஆனால் மலைக்குப் போகும் வழிப்பலகையும் புரியவில்லை. சுற்றிச் சுற்றி அதே சந்தைக்கே வந்தார். மச்சினனிடம் சொன்னார்.

"அதுக்கென்ன மாமா, மாட் போட்டுட்டாப் போச்சு!"

"மாட்டா?"

"மாட்னா, கேமைச் செஞ்ச கம்பெனி இல்ல, வெளியில யாராவது ஆசைப்பட்டுச் செஞ்சு நெட்ல சும்மாவே போட்டு வெக்கிறது. பிடிக்காததை நமக்குத் தோதா மாத்திக்கலாம். ரெடிமேட் சட்டைய வாங்கிப் பிடிச்சுத் தைக்கிற மாதிரி. கோட்டான்னு பேர் வெச்சுக்கிட்டு நம்ம ஊர் ஆள் ஒருத்தர் இருக்கார். மொத்த கேமையும் நம்ம பாஷையில மாத்தி வெச்சிருக்கார்."

போட்டான். பாஷை புரிந்தது. புரிந்த பிறகுதான், முதல் நாள் முழுக்கத் தான் தலையாட்டிக் கேட்டதெல்லாம் புகார் என்று புகார் சாருக்குத் தெரியவந்தது.

"லீவு போட்டுட்டு வந்து இங்கயும் மனு வாங்கணுமாடா?" என்றார்.

"கவலைப்படாதீங்க மாமா. அதே கோட்டான் 'அமைதிக் கிராமம்'னு இன்னொரு மாட் போட்டிருக்கார். அதைப் போட்டா ஒருத்தன் உங்களை மறிச்சுப் பேச மாட்டான்."

அதையும் போட்டார்கள். உண்மையிலேயே ஒருவரும் பேசவில்லை. ஆனால் சொல்ல முடியாத குறையோடு எல்லோரும் பின்னாலேயே வந்தார்கள். புகார் சார் மவுஸால் நடத்திய வீரன் நின்றால் நின்றார்கள், நடந்தால் நடந்தார்கள். கிழவன், கொல்லன், இரண்டு சூனியக்காரிகளும், கடைசியில் பூதமும். வாயைத் திறந்து திறந்து மூடினார்கள்.

காப்பி கொண்டுவந்த மனைவி திரையை எட்டிப் பார்த்தாள்.

"ஏங்க, இது உங்க ஆபீஸ் வராண்டாதானே?"

புகார் சார் காப்பியைத் தொடவில்லை. கோட்டானுடைய பக்கத்தில் கருத்துச் சொல்ல ஓர் இடம் இருந்தது. மற்றவர்கள் அதில் 'சூப்பர்', 'கலக்கல்' என்று ஒரு வார்த்தையில் எழுதியிருந்தார்கள். இவர் கைப்பழக்கத்தில், 'பொருள்: கிராமத்தார் பின்தொடர்வதால் ஏற்படும் இடையூறு தொடர்பாக' என்று ஆரம்பித்து, உரிய நடவடிக்கை கோரி, 'இப்படிக்கு' போட்டு முடித்தார்.

பதில் வந்தது. 'பார்க்கிறேன் அண்ணா. நேரம் கிடைக்கும்போது சரி செய்கிறேன்.'

"நேரம் கிடைக்கும்போதா? என்ன திமிர் பாரு!" என்று குதித்தார். "ஒருத்தன் நொந்து போய் எழுதியிருக்கான். பார்க்கிறேனாம்!"

"நீங்க 'பரிசீலனையில் உள்ளது'ன்னு ரப்பர் ஸ்டாம்ப் குத்துவீங்க. அவங்க பாவம், கையால எழுதியிருக்காங்க. அண்ணான்னு வேற சொல்லியிருக்காங்க" என்றாள் மனைவி.

"அது வேற, இது வேற!"

அவள் ஆறிப்போன காப்பியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

மறுநாள் புதிய பதிப்பு வந்தது. கிராமத்தார் அவரவர் வீட்டோடு இருந்தார்கள். தெரு வெறிச்சோடிக் கிடந்தது. புகார் சாருக்கு முகத்தில் ஒரு தெளிவு வந்தது. வீரனைக் குதிரையில் ஏற்றி மெல்ல மலைப்பக்கம் செலுத்தினார். வேலியோரம் மேய்ந்துகொண்டிருந்த ஒரு கோழி தலையைத் தூக்கியது.

"வீரரே, என் கணவர் வேட்டைக்குப் போனவர் வீடு திரும்பவில்லை."

புகார் சார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"வீரரே, என் வாளைத் திருடர்கள் கவர்ந்து சென்றனர்," என்றது இன்னொரு கோழி.

அடுத்து வாத்து. அதற்கடுத்து, ஏறி உட்கார்ந்திருந்த குதிரையே கழுத்தைத் திருப்பித் தன் தந்தையின் கொலைக்குப் பழிவாங்க உதவுமாறு கேட்டது.

மச்சினன் வந்து பார்த்தான். சிரிப்பை அடக்க முடியாமல் கொஞ்ச நேரம் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றான். பிறகு சொன்னான்: "மனுஷங்ககிட்ட இருந்து பேச்சை எடுத்திருக்காங்க. அதை மொத்தமா அணைக்கிறதுக்குள்ள நிறுத்திட்டாங்க போல. அது கோழிக்குப் போயிடுச்சு. ஃபைல் பாதியில நிக்குது மாமா. அரைகுறையா ஏத்திவிட்டிருக்காங்க."

"ஒரு வேலையை எடுத்தா முடிக்க வேண்டாமா? பாதியில எழுந்து போறதுக்கு இது என்ன, அரசாங்க ஆபீஸா?" என்று கேட்டார் புகார் சார். மச்சினன் மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

மறுபடி எழுதினார். 'பொருள்: கோழிகள் பேசுவது தொடர்பாக.' மறுபடி 'பார்க்கிறேன் அண்ணா'. மறுபடி புதிய பதிப்பு. இந்தத் தடவை கோழி கொக்கரித்தது, குதிரை கனைத்தது. எல்லாம் ஒழுங்காக இருந்தது. அவர் மலையடிவாரம் வரை வந்துவிட்டார். அங்கே ஒரு பெரிய கதவு. கதவுக்கு ஒரு காவல்காரன். அவனோடு பேசினால்தான் கதவு திறக்கும். பேச்சைத்தான் எடுத்தாகிவிட்டதே! அவன் பாட்டுக்கு அவரையே பார்த்துக்கொண்டு நின்றான். புகார் சார் சாப்பிடப் போய்விட்டு வந்து பார்த்தபோதும் பார்த்துக்கொண்டே நின்றான்.

'பொருள்: கதவை அகற்றக் கோருதல்.'

கதவை அகற்றினார்கள். கதவோடு மலையையும் காணவில்லை. மலை இருந்த இடத்தில் பளபளவென்று ஒன்றுமில்லாமல் இருந்தது. வீரன் அதில் ஓர் அடி எடுத்து வைத்தான். விழ ஆரம்பித்தவன் விழுந்துகொண்டே இருந்தான்.

புகார் சார் ஒரு நினைவூட்டல் அனுப்பினார். பிறகு அந்த நினைவூட்டலுக்கு ஒரு நினைவூட்டல் அனுப்பினார். லீவு கரைந்துகொண்டிருந்தது. சோறு இறங்கவில்லை. வீட்டில் இருந்த ரத்த அழுத்தக் கருவியில் எண்ணைப் பார்த்த மனைவி, அவரிடம் காட்டாமல் அதை அலமாரிக்குள் வைத்துவிட்டாள்.

கடைசிக்கு முந்தின நாள் வந்த பதிப்பில் மலை இருந்தது, கதவு திறந்திருந்தது. உச்சியில் பனி தெரிந்தது. புகார் சார் மூச்சைப் பிடித்துக்கொண்டு வீரனை முன்னால் நடத்தினார். வீரன் நடக்கவில்லை. மவுஸை எந்தப் பக்கம் இழுத்தாலும் அவன் திரும்பி ஊருக்குள்ளேயே போனான். முதல் வீட்டுக் கதவைத் தட்டினான்.

"ஐயா, என் கிணற்றில் எலி விழுந்துவிட்டது," என்றான் வீரன்.

தாடிக்காரக் கிழவன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "நாளை வாருங்கள்."

வீரன் கொல்லனிடம் போனான். கொல்லன் பூதத்திடம் அனுப்பினான். பூதம், இது தன் பிரிவு அல்ல, சூனியக்காரியைப் பாருங்கள் என்றது. சூனியக்காரி சாப்பிடப் போயிருந்தாள்.

புகார் சார் கம்ப்யூட்டரை அணைத்தார். இருண்ட திரையில் அவர் முகம்தான் தெரிந்தது. அழுகை வந்தது. ஐம்பதைத் தாண்டிய மனுஷர், ஒரு பொம்மை ஏரிக்காக அழுவதா என்று அதை விழுங்கினார்.

மனைவி பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"எழுதிப் போட்டா என்னைக்குங்க வேலை நடந்திருக்கு? உங்ககிட்டயே ஜனங்க நேர்ல வந்து கத்தினாத்தானே ஃபைலக் கையில எடுப்பீங்க? போன்ல கூப்பிட்டு வெச்சு வாங்குங்க."

அது அவருக்கு நியாயமாகப் பட்டது. மச்சினன் யார் யாரையோ பிடித்து நம்பர் வாங்கிக் கொடுத்தான். மறுநாள் சாயங்காலம், லீவின் கடைசி சாயங்காலம், புகார் சார் மனைவிக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரைப் போட்டு, தொண்டையைக் கனைத்துக்கொண்டு கூப்பிட்டார். தன் ஜன்னலில் வந்து கத்துகிறவர்களிலேயே கடுமையான ஒரு பெரியவரை மனசில் நினைத்துக்கொண்டு, அவரைப் போலவே ஆரம்பித்தார்.

"கோட்டான்ங்கிறது நீங்கதானே? கொஞ்சமாவது மனசாட்சி இருக்கா உங்களுக்கு?"

மறுமுனையில் ஒரு பெண் குரல். அவர் குரலைவிட ஓய்ந்துபோயிருந்தது.

"கோழி அண்ணாவா? நீங்களாத்தான் இருக்கும்னு நெனச்சேன். மன்னிச்சுக்குங்க அண்ணா."

புகார் சாருக்குத் தயார் செய்து வைத்திருந்த அடுத்த வாக்கியம் மறந்தே போய்விட்டது. தன்னிடம் மன்னிப்புக் கேட்கிற ஆளோடு பேசி அவருக்குப் பழக்கமில்லை.

"இல்லம்மா... ஒரு வேலைய எடுத்தா முழுசா முடிக்கணும்ல? எல்லாமே பாதிப் பாதியா வருதே?"

"நான் பகல்ல மருந்துக் கடையில நிக்கிறேன் அண்ணா. சாயங்காலம் வந்துதான் இதுல உக்காருவேன். இது ஒண்ணுதான் எனக்குன்னு செய்யிற வேலை. ஆனா உக்காந்து கொஞ்ச நேரத்துல கரண்ட்டு போயிடுது. தினமும். எங்க தெருவுக்கு மட்டும். இப்பக்கூட இருட்டுலதான் பேசிட்டிருக்கேன். லேப்டாப்ல பேட்டரி கொஞ்ச நேரம்தான் நிக்கும், அது அணையறதுக்குள்ள செஞ்ச வரைக்கும் போன் நெட்டை வெச்சு ஏத்திவிடறேன். நீங்க காத்திருப்பீங்களேன்னு."

புகார் சாருக்குத் தொழில் ரத்தம் கொஞ்சம் சூடேறியது. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஒரு வாரத்தில் முதல் தடவையாகத் தனக்குத் தெரிந்த விஷயம் ஒன்று பேச்சில் வந்திருந்தது.

"அதை எதுக்கும்மா சும்மா விடறீங்க? கம்பத்துல ஜம்பர் வயர் ஒண்ணு லூசாயிருக்கும். ஆள் ஏறினா அரை மணி நேர வேலை. எழுத்து மூலமா புகார் குடுத்தீங்களா?"

"குடுத்தேனே அண்ணா. 'பரிசீலனையில் உள்ளது'ன்னு ஸ்டாம்ப் குத்தி அனுப்பிட்டாங்க."

மனைவி ஏதோ கேட்க வாயெடுத்தாள். புகார் சார் கையை உயர்த்தி நிறுத்தினார். ஊரில் எத்தனையோ அலுவலகம் இருக்கிறது, எத்தனையோ ஸ்டாம்ப் இருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

"நேர்ல... நேர்ல போய்க் கேட்டீங்களாம்மா?" என்றார். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"போனேன் அண்ணா. அங்க புகார் சார்னு ஒருத்தராம், அவர் கையெழுத்துப் போட்டாத்தான் கம்பத்துல ஆள் ஏறுவாங்களாம். அவரு ஒரு வாரம் லீவு போட்டுட்டு வீட்ல நிம்மதியா உக்காந்திருக்காராம்!"