வாசல் ஓக்கும் வருடாந்தர முதுகுவலியும்

ஒப்ரெனுக்கு முதுகுவலி வருஷத்தில் ஒரே ஒரு நாள்தான் வரும். ஜனவரி ஆறாம் தேதி. பழைய பஞ்சாங்கப்படி கிறிஸ்துமஸுக்கு முந்தின நாளான அன்று, விடியும்போதே குடும்பத் தலைவர் பனியில் மலையேறி, இளம் ஓக் ஒன்றை வெட்டிவந்து வாசலில் சாத்தவேண்டும். அது இல்லாவிட்டால் செர்பியாவின் வால்யெவோ நகரில் எந்த வீட்டிலும் பண்டிகை இல்லை. நாலு வருஷமாக அவருக்கும் சேர்த்து மச்சான் திஹோமிர்தான் வெட்டிவந்தார். ஒப்ரென் கம்பளிக்குள் முனகியபடி காப்பி குடிப்பார்.

"அண்ணன் காலை உடைச்சுக்கிட்டாராம்," என்றாள் மனைவி கொஸாரா, ஐந்தாம் தேதி சாயந்திரம் மாவு பிசைந்துகொண்டே.

"ஐயோ பாவம்! அப்ப நமக்கு யாரு வெட்டறது?"

"அதுக்கென்ன மனுஷா, வாசல்லயே ஓக் நிக்குதே. மூணு வெட்டு. அதுகூடவா உன் முதுகு தாங்காது?"

ஒப்ரெனுக்குப் புரையேறியது. "எந்த ஓக்?"

"நம்ம வீட்ல எத்தனை இருக்கு?"

ஒன்றுதான் இருந்தது. நகரப் பூங்காவில் தோட்டக்காரரான ஒப்ரென், அங்கே பன்னிரண்டு அழகு ஓக் நட்டதில் மிஞ்சிய பதின்மூன்றாவது கன்று. ஆளுயரத்துக்குமேல் அதிகம் போகாத ஜாதி, உருண்டையான தலை. வேரில் தண்ணீர் தேங்கக்கூடாதென்று இடுப்பளவு குழி தோண்டிச் சரளைக்கல் பரப்பினார். கோடையில் வாளி வாளியாக ஊற்றினார். ஞாயிறுதோறும் நூல் பிடித்து அளந்தார். பெற்ற பிள்ளையைக்கூட அப்படி அளந்ததில்லை.

"அது அழகுக்கு வளக்கறது, கொஸாரா!"

"காஞ்ச இலை உதிராம நிக்குது. நமக்கு அதுதானே வேணும்?"

"ரொம்பக் குட்டை."

"நம்ம வாசலும் குட்டைதான்."

"சந்தையில ஒரு கிளை வாங்கிட்டா?"

"வீட்ல மரத்தை வச்சுக்கிட்டு சந்தையில கிளையா? ஊரே சிரிக்கும். கோடாலியைத் தீட்டிக் கதவோரமா வச்சிருக்கேன், போய்ப் படு."

மலைக்கே போகிறேன் என்று சொல்லலாம். சொன்னால் நாலு வருஷ முதுகுவலி சந்தி சிரிக்கும். ஒப்ரென் திட்டம் போட்டார். இவள் எழுவதற்குள் மலைக்குப் போய் வெட்டிவந்து சாத்திவிட்டு, கம்பளிக்குள் புகுந்துகொள்வது. கேட்டால், யாரோ புண்ணியவான் வைத்துவிட்டுப் போனான் என்பது.

கிழக்கு வெளுக்கும்போது மச்சானின் காட்டில், முழங்கால் பனியில் நின்றார். வீட்டில் நிற்கும் குட்டி ஓக்கை நினைத்துத்தான் அவ்வளவு தூரமும் மூச்சு வாங்க ஏறியிருந்தார். நல்ல மரமாகப் பார்த்து, "காலை வணக்கம், பண்டிகை வாழ்த்து," என்று முறைப்படி சொன்னார். அப்போதுதான் உறைத்தது. மரத்தின்மேல் தூவக் கோதுமை வேண்டும். வெறுங்கையால் தொடவும் கூடாது. இரண்டும் கொண்டுவரவில்லை!

விறைத்த கைகளைக் கோட்டுப் பைகளில் விட்டார். ஒன்றில் கையுறை. இன்னொன்றில் கோதுமைப் பொட்டலம். போன யுகத்தில் வைத்து மறந்ததாக இருக்கும். "ஆண்டவன் இருக்கான்," என்று சிலுவை போட்டுக்கொண்டார். மூன்றே வெட்டு. மரம் கிழக்குப் பார்த்துச் சாய்ந்தது.

வீட்டுக்கு வந்தபோது குட்டி ஓக் தலையில் பனியோடு பத்திரமாக நின்றது. ஒப்ரெனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பனியைத் தட்டிவிட்டு, "பிழைச்சோம்டா," என்றார். கண்கூடக் கலங்கிவிட்டது. வெட்டிவந்ததைச் சுவரில் சாத்தினார். கதவு திறந்தது.

"யாரோ புண்ணியவான்..." என்று தொடங்கினார், தோளில் கோடாலியோடு.

"முதுகு எப்படி இருக்கு?" என்றாள் கொஸாரா.

ஒப்ரென் அவசரமாக இடுப்பைப் பிடித்தார். "உயிர் போகுது."

"பாவம். உள்ள வா. பிளம் சாராயம் சூடா இருக்கு."

உள்ளே அடுப்போரம் மச்சான் திஹோமிர் உட்கார்ந்திருந்தார். மாப்பிள்ளையைக் கண்டதும் மரியாதையாக எழுந்து நின்றார், இரண்டு காலிலும்.

ஒப்ரெனுக்குக் கோபம் வரவில்லை. ஜன்னல் வழியே பார்த்தார். குட்டி நின்றது. அது போதும்.

அவர் கோட்டைக் கழற்றி வாங்கி மாட்டினாள் கொஸாரா. "கோதுமை பத்துச்சா மனுஷா? அடுத்த வருஷம் இன்னும் கொஞ்சம் வைக்கிறேன்."