இல்லாத ஆட்டத் தேடுன கதை

அன்னிக்கு எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. நடக்கணும்.

பாப்பிரெட்டிப்பட்டியில தையக்காரன் நானு. முப்பது வருசமா மிசினு முன்னால உக்காந்தே கெடந்தவன். உலகச் சண்டை நடந்துக்கிட்டிருந்த சமயம், மூத்திரம் போவ முடியாம சேலத்து ஆசுபத்திரிக்கு ஓடுனேன். புராஸ்டேட்டுன்னு ஒரு சுரப்பியாம், அதுல புத்து நோவுன்னு சொல்லிட்டாங்க. பேரே வாயில நொழையல, நோவு மட்டும் எப்படியோ நொழஞ்சிருச்சு!

டாக்டரு ஆபரேசன் பண்ணி, மாத்திரையும் குடுத்து, கண்டிசனாச் சொன்னாரு.

"இந்த மருந்துக்கு ஒடம்பு தளந்து போவும். உக்காந்தே கெடந்தீங்கன்னா அப்புறம் எந்திரிக்கவே முடியாது. தெனமும் ரெண்டு மைலு நடங்க."

"தெனம் மிசினு மிதிக்கறனுங்களே, அதுவே பத்து மைலு வருமே!"

"உக்காந்துக்கிட்டுத்தான மிதிக்கறீங்க?"

நெசமாவே பயந்துட்டேன். கடைசிப் பொண்ணுக்கு இன்னும் நிக்கா ஆவல, நான் படுத்துட்டா வூட்ட யாரு பாக்கறது?

ஊரு திரும்புனப்புறம் ஒரு நாளு விடிஞ்சதும் கெளம்புனேன். எங்கூருல சும்மா நடக்கற மனுசன யாரும் பாத்ததே இல்ல. நடந்தா சந்தைக்கு, இல்லாட்டி சாவுக்கு.

தெருமுனையில முனுசாமிக் கவுண்டரு புடிச்சிக்கிட்டாரு.

"என்ன பாய், தூரமா?"

"சும்மாதானுங்க."

"சும்மாவா? வூட்டுல சண்டையா?"

வரக் கூடாத எடத்துல வந்த நோவு. தெருவுல நின்னு எப்படிங்க சொல்றது?

"ஆட்டக் காணோமுங்க."

"ஆடா? எப்ப வாங்குனீங்க?"

"நேத்து, சந்தையில."

"என்ன நெறம்?"

"கறுப்புங்க. ஒரு கொம்பு ஒடஞ்சிருக்கும்."

அந்தக் கொம்ப நான் ஒடைக்காம இருந்திருக்கலாம்!

கவுண்டரு ஒரு சத்தம் குடுத்தாரு, பத்துப் பேரு கம்போட வந்துட்டாங்க. நானும் கூடக் கெளம்புனேன். கவுண்டரு தோளப் புடிச்சு ஒரு கல்லு மேல உக்கார வச்சிட்டாரு.

"ஆசுபத்திரி போயி வந்த ஒடம்பு. அசையாதீங்க, நாங்க பாத்துக்கறோம்."

காவலுக்கு ஒரு ஆளு வேற! எந்திரிக்கப் போனா, "உக்காருங்க பாய்"னு அமுக்கறான். எனக்காக ஊரே மலையடிவாரம் வரைக்கும் நடக்குது. நடக்க வேண்டிய நானு அஞ்சாறு மணி நேரம் கல்லு மேல.

மத்தியானம் வந்தாங்க. கூடவே ஒரு ஆடு. கறுப்பு. ஒரு கொம்பு ஒடஞ்சது! யா அல்லா!

பின்னாலயே வண்ணார வூட்டு மாரியம்மா ஓடியாந்தா. "என் ஆட்டத் தம் ஆடுன்னு சொன்ன தையக்காரரு எங்க?"

பத்துப் பேரும் என்னையப் பாத்தாங்க. பத்துக் கம்பும் இன்னும் கையிலதான் இருந்துச்சு.

"எனக்கு ஆடே இல்லீங்க. புத்து நோவு. நடக்கச் சொன்னாரு டாக்டரு. சொல்ல வெக்கமாப் போச்சு..." துண்டால கண்ணத் தொடச்சிக்கிட்டேன்.

கம்பெல்லாம் கீழ எறங்குச்சு. மாரியம்மாதான் பேசுனா.

"இதுக்குப் போயி அழுவாங்களா? நடக்கத்தான வேணும்? நாளையிலருந்து என் ஆட்ட மேய்ச்சலுக்கு ஓட்டிக்கிட்டுப் போங்க."

அன்னையிலருந்து தெனம் நானும் ஆடும். என் காலு தெம்பாயிருச்சு, ஆடும் கொழுத்துருச்சு. எதிர்ல வர்ற அத்தன பேரும் "நல்லா நடங்க பாய்"னு சொல்லிட்டுப் போவாங்க.

ஒரு நாளு அந்த ஆடு நெசமாவே காணாமப் போச்சு. மூச்சு வாங்க ஓடுனேன்.

"கவுண்டரே, ஆட்டக் காணோமுங்க!"

அவரு பல்லு வெளக்கிக்கிட்டே சொன்னாரு: "இன்னிக்கு ஓட்டமா? பலே பாய்!"