ஜானுவைக் கூப்பிட்ட பெடல்

பேய் ஓட்டுகிறவர்கள் மெட்ராஸில் பேட்டைக்கு ஒருவர் உண்டு. ஆனால் வந்த பேயை நிறுத்தி, "நீ எந்த வூடு? உனக்கு இன்னா வோணும்?" என்று விசாரித்து, அதன் வாசல்வரைக்கும் தேடிப்போன ஆள் இந்த ஊரிலேயே ஒருவர்தான். அவர் பெடல் நைனா.

சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. பூக்காரம்மா முதல் போலீஸ்காரர் வரை எல்லோரையும் அவர் 'நைனா' என்று கூப்பிட, அது திரும்பி வந்து அவர்மீதே ஒட்டிக்கொண்டது. கிட்டார்காரர்கள் காலால் மிதிக்கிற சின்ன இரும்புப் பெட்டிதான் பெடல். ஒன்றை மிதித்தால் கிட்டார் உறுமும், ஒன்றை மிதித்தால் அழும், ஒன்று கிணற்றுக்குள் கூப்பிட்டதுபோல் எதிரொலிக்கும். அவற்றுக்கு வைத்தியர் நைனா. மயிலாப்பூர் சந்து ஒன்றில், மாடிப்படிக்குக் கீழே கடை.

முதல்முறை போகிறவன் கொஞ்சம் பயந்துதான் போவான். டியூப்லைட் இரைகிறது என்று பட்டப்பகலிலும் அதை அணைத்துவிடுவார். வாயில் டார்ச்சைக் கவ்விக்கொண்டு பெடலின் வயிற்றைத் திறப்பார். பிழைக்காத பெடல்களை உத்தரத்திலிருந்து வௌவால்போல் தலைகீழாகத் தொங்கவிட்டிருப்பார். மூலையில் ஆம்ப்ளிஃபயரோடு சேர்த்துச் சாத்திவைத்த கிட்டார், தொட ஆளில்லாமலே மெல்ல முனகும். "அது யாரு நைனா?" என்று கேட்டால், "தனியா கீதுல்ல, பேசிக்கினு கீது" என்பார்.

பேட்டரியில் சார்ஜ் இருக்கிறதா என்று நாக்கில் வைத்துப் பார்த்து, "இது கல்யாணத்துக்குத் தாங்கும், பந்திக்குத் தாங்காது" என்று தீர்ப்புச் சொல்வார். பெடலில் வயர் சொருகுகிற இடம் ஆடுகிறது என்று கொடுத்தால், அதைச் சரிசெய்துவிட்டு, கேட்காமலே உள்ளே வேறு எதையாவது மாற்றிவைப்பார். எங்கள் கிட்டார்காரன் ஸ்டான்லியின் எதிரொலிப் பெடல் ஒருமுறை பூனை தண்ணீரில் விழுந்த குரலோடு திரும்பிவந்தது. "இன்னா நைனா இது?" என்றதற்கு, "ஊர்ல யாருகிட்டயும் இல்லாத சவுண்டு. அனுபவி!" என்றார்.

அந்த ஸ்டான்லிக்குத்தான் பிரச்சினை வந்தது. தொண்ணூறுகளின் நடுவில், கீபோர்டு வந்து கிட்டார்காரர்களின் பிழைப்பைப் பிடுங்கிக்கொண்டிருந்த காலம். நான் ஒரு மெல்லிசைக் குழுவில் அறிவிப்பாளன்; பேசத் தெரியும், வேறெதுவும் தெரியாது. நைனா கடைக்கு அடுத்த தெரு மாடியில் எங்கள் ஒத்திகை. ஒரு மதியம் பாட்டு முடிந்து எல்லோரும் ஓய்ந்திருந்தபோது, ஸ்டான்லியின் உறுமல் பெடல் வழியாக, ஆம்ப்ளிஃபயரிலிருந்து ஒரு கிழக்குரல் கரகரத்தது.

"ஜானு... கதவு திறந்துதான் இருக்கு. வா."

ஸ்டான்லி கிட்டாரிலிருந்து கையை எடுத்தான். குரல் நிற்கவில்லை. "ஜானு... நாழியாறதே."

டிரம்ஸ்காரன் குழுவை நடத்துகிற மாஸ்டரை மெதுவாகக் கேட்டான். "மாஸ்டர், உங்க வூட்ல பேரு ஜானுவா?"

மாஸ்டர் அதற்குள் செருப்பை விட்டுவிட்டு இறங்கி ஓடியிருந்தார். கீழேயிருந்தபடியே தீர்ப்பு வந்தது. "ஸ்டான்லி! நாளைக்கு ரிசப்ஷன்ல அது வாயத் தொறந்துச்சு, உன் பாட்டையெல்லாம் கீபோர்டுலயே வாசிக்க வச்சுக்குவேன். அப்புறம் நீ வரவே வேணாம்!"

ஸ்டான்லிக்கு வேறு வேலை கிடையாது. மறுநாள் மதியம் என்னையும் இழுத்துக்கொண்டு நைனாவிடம் ஓடினான். பெடலைச் சொருகினோம். காத்திருந்தோம். தொங்கிய பெடல்களுக்கு நடுவே அதே குரல் வந்தது. "ஜானு... கேக்கறதா?"

"எத்தையாவது வச்சு அது வாய அடச்சுக் குடு நைனா" என்று ஸ்டான்லி கெஞ்சினான்.

"துவரம்பருப்பு சைஸுக்கு ஒரு கெப்பாசிட்டர் வச்சா கம்முனு ஆயிடும். ஆனா வெக்க மாட்டேன். எங்கேர்ந்து வருதுன்னு தெரியாம எந்த சத்தத்தையும் நான் அமுக்கினது இல்ல."

"சாயங்காலம் ரிசப்ஷன் நைனா! என் பொழப்பே போவுது!"

"அப்ப ஏன் நின்னுகினு கீறே? வா, தேடலாம்."

தேடினோம். ஸ்டான்லி தோளில் கிட்டார், என் கையில் பெடல், நைனா சைக்கிள் கேரியரில் பேட்டரி ஆம்ப்ளிஃபயர், மூன்றையும் இணைக்கிற வயர். ஒருவர் வேகமாக நடந்தால் மற்ற இருவரும் இழுபடுவோம். மாட வீதியில் கீரைக்காரம்மா கேட்டாள். "இன்னா நைனா, நடக்கிற கச்சேரியா?"

"பேயத் தேடறோம் நைனா."

"இந்த வெயில்லயா? அது எங்கனா நெழலாப் பாத்துப் படுத்துனு இருக்கும், போ!"

ஒரு முனையில் குரல் தேயும், திரும்பினால் தெளியும். கடைசியில் ஒரு சந்துக்குள், காதருகே பேசுவதுபோல் கேட்டது. "கதவு திறந்துதான் இருக்கு." நிமிர்ந்து பார்த்தோம். எதிரே ஒரு பழைய வீடு. கதவு திறந்துதான் இருந்தது. எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு மாடி ஏறினோம்.

மாடியில், ஜன்னலோரம் ஒரு பெரியவர். கையில் சிவப்பு நிறப் பொம்மை வாக்கிடாக்கி. அவர் பொத்தானை அழுத்தி "ஜானு" என்றதும், அந்தப் பெயர் அவர் வாயிலிருந்தும் எங்கள் பெட்டியிலிருந்தும் ஒன்றாக வந்தது. அவர் திடுக்கிட்டார், நாங்கள் அதைவிட. அந்தப் பொம்மையின் ரேடியோ அலையைத்தான் பெடல் பிடித்திருக்கிறது.

அமெரிக்காவிலிருந்து வந்த பேரன் விட்டுப்போன ஜோடியாம். மாடிப்படி ஏற முடியாத மனைவி ஜானு ஒன்றைக் கீழே சமையலறையில் வைத்துக்கொள்ள, இவர் மேலேயிருந்து காபி கேட்பாராம். மாசியில் அந்த அம்மாள் தவறிப்போனார்.

"பைத்தியக்காரத்தனம்னு தெரியறது. காபி வேளை வந்தா கை தானா எடுத்துடறது" என்றவர், எங்கள் பெட்டியைப் பார்த்தார். "நான் பேசினதெல்லாம்... யாருக்காவது கேட்டுதா?"

சுவரே அதிரப் பேசுகிற நைனா, அன்று குரலைத் தணித்தார். "கேட்டுச்சு சார். எல்லாமே கேட்டுச்சு."

கடைக்குத் திரும்பி, அந்தத் துவரம்பருப்பைப் பெடலுக்குள் வைத்து ஈயத்தால் பற்றவைத்தார். சாயங்காலம் ஸ்டான்லி வாசித்தான். பெடல் உறுமியது, பேசவில்லை. மேடை ஓரமாக வந்து மாஸ்டர் கிசுகிசுத்தார். "போயிடுச்சா?"

"பேயே இல்ல மாஸ்டர். பெரியவரு ஒருத்தரு" என்றான் ஸ்டான்லி. மாஸ்டர் நம்பவில்லை. ஆனாலும் ஸ்டான்லியின் பாட்டைத் தொட வேண்டாம் என்று கீபோர்டுக்காரனிடம் சொல்லிவிட்டார்.

சில நாள் கழித்து நைனா கடைக்குப் போனேன். மேஜையில் ஒரு சிவப்பு வாக்கிடாக்கி. சமையலறையில் கிடந்த ஜோடிதான். பெரியவரிடம் கேட்டு வாங்கி, ஒழுகிய பேட்டரி அரித்த இடத்தைச் சுரண்டித் துடைத்து, உயிர் கொடுத்து வைத்திருந்தார். மதியம் அது கரகரத்தது.

"இருக்கியாப்பா?"

வாடிக்கையாளன் கத்தினாலும் திரும்பாத மனிதர், பற்றவைக்கிற கோலைக் கீழே வைத்தார். வாயிலிருந்து டார்ச்சை எடுத்தார்.

"இருக்கேன் சார். சொல்லு."

"ஒண்ணுமில்லே. சும்மாத்தான்."

"காபி ஆச்சா?"

நைனா போய்ச் சேர்ந்து இத்தனை வருடத்துக்குப் பிறகும், சில மதியங்களில் காபி டம்ளரைக் கையில் எடுத்ததும், அவர் எங்கிருந்தாவது அப்படி ஒரு வார்த்தை கேட்கமாட்டாரா என்று ஒரு நிமிடம் சும்மா உட்கார்ந்திருப்பேன்.